சட்டமும் ஒளிப்படமும்: வடசென்னைக் கடற்புறத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

சட்டம் என்னும் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. எழுதுதற்கென ஒத்த அளவினதாக வாரிய பனையோலை சட்டம் எனப்பட்டது. மரத்தால் நாற்புறமும் கோத்த விளிம்பும் சட்டம் எனப்பட்டது. ஆட்சிநெறியும் அப்பெயரே பெற்றது. இவற்றுள் ஓலைச் சட்டத்தின் வரலாற்றைத் தமிழறிஞர் நன்கு அறிவர். ஏடுகளைப் பதப்படுத்தியது எங்ஙனம், கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்புவித்தது எங்ஙனம், காவாது விட்டமையால் நாம் இழந்தவை எவை என்பன பற்றிப் பேசியும் எழுதியும் வந்துள்ளோம். மரச்சட்டத்துள் அடைபட்ட ஒளிப்படத்தைப் பற்றி அத்துணை எண்ணினோமல்லேம். கடந்த நூற்றைம்பது ஆண்டுத் தமிழர் வாழ்வை அறிய அது ஏட்டினும் குறைந்த சான்று அன்று. உடை, அணி, இருக்கை, குடும்ப முறை, தொழில், ஊர்த்தோற்றம் ஆகிய பலவற்றையும் அது தன்னுள் அடக்கியுள்ளது. அச்சான்று நம் வீட்டுச் சுவர்களிலேயே நாள்தோறும் தேய்ந்து வருகின்றது.

இவ்வாராய்ச்சியில் யான் ஈடுபடக் காரணமாயிருந்தது சாத்தாங்காட்டில் ஒரு வீட்டிற் கண்ட படமாகும். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம் வடசென்னையின் தாழ்ந்த பகுதிகளிற் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த எர்ணாவூர் முதலிய இடங்களில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து சுவர்களிற் கறையாகப் படிந்ததை நாளிதழ்கள் அந்நாளில் விரிவாக எழுதின. யான் சென்ற வீட்டில் எண்ணெய் இல்லை. நீர் மட்டும் முழங்காலளவு இரண்டு நாள் நின்று வடிந்தது. வீட்டாரின் பாட்டனும் பாட்டியும் இருந்த படமோ ஆள் உயரத்திற்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் அதனைத் தீண்டவே இல்லை. ஆயினும் அடுத்த சில திங்களுள் பாட்டியின் முகம் இருந்த பகுதி கண்ணாடியோடு ஒட்டிப் போயிற்று. பெட்டியில் வைத்திருந்த துணியும் பத்திரமும் நனைந்தும், உலர்த்தியபின் பிழைத்தன; நனையாத படம் பிழைக்கவில்லை. இது யாங்ஙனம் நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், சென்னையில் ஒளிப்படக் கலை தோன்றிய நாள் தொட்டு வந்த பழக்கங்களை ஆராய வேண்டியதாகின்றது.

முதற்கண் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். சாத்தாங்காடு திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடைப்பட்டது. சாத்தன் என்பது ஐயனார்க்கும் வழங்கும் பெயர். பண்டை மக்கட்பெயராகவும் வழங்கியது என்பதற்குச் சீத்தலைச் சாத்தனார் பெயரே சான்று. சாத்து என்பது வணிகக் கூட்டத்தையும் குறிக்கும். இவற்றுள் எதனடியாக இவ்வூர்ப்பெயர் பிறந்ததென ஈண்டு வழக்காடப் புகவில்லை. ஆயினும் ஐயனார் காவல் கொண்ட காடு எனக் கொள்வதே ஊர்ப்பெயர் மரபுக்கு ஒக்கும் என்பது என் கருத்து. வணிகச் சாத்தோடு இயைத்துப் பார்க்க விரும்புவோர்க்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடி இன்று இவ்வூரில்தான் உள்ளது.

ஊரின் கிழக்கே கடல், மேற்கே மணலி. மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகின்றது. வடக்கே எண்ணூரில் 1970 முதல் நிலக்கரி எரித்து மின்னாக்கும் நிலையம் இயங்கி, 2017இல் மூடப்பட்டது. ஆதலின் இவ்வூர்க்கு வீசும் காற்று இரண்டும் படத்திற்குப் பகையாயின. கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் கொணர்கின்றது. ஈரமற்ற மேல்காற்றோ கந்தகம் கலந்த புகையைக் கொணர்கின்றது. ஒளிப்படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆயது என்பதையும், கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்வது என்பதையும் நினைவிற்கொண்டால், இவ்விடத்தின் கொடுமை விளங்கும்.

இனி ஒளிப்படம் சென்னைக்கு வந்த காலத்தை நோக்குவாம். 1850இல் அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தோற்றுவித்தார். பின்னர் அரசு ஏற்று நடத்திய அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. அவரும் வால்டர் எலியட் முதலியோரும் முன்னின்று 1856இல் சென்னை ஒளிப்படக் கழகத்தை அமைத்தனர். அவ்வாண்டு சூலை முதல் நாளில்தான் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. இரும்புப் பாதையும் ஒளிப்படமும் சென்னையில் ஓராண்டுப் பிள்ளைகள் என்னலாம்.

கழகம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னர் இலண்டனில் நிகழ்ந்த ஒன்று நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஒளிப்படங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கி மறைவதைக் கண்டு அஞ்சிய அந்நகரத்து ஒளிப்படக் கழகத்தார், அதன் காரணத்தை ஆராய 1855இல் ஒரு குழு அமைத்தனர். அக்குழு அவ்வாண்டிலேயே தன் முடிவை வெளியிட்டது. படத்தை நிலைப்படுத்தப் பயன்படும் ஐப்போ என்னும் உப்பு நன்கு கழுவப்படாது தாளில் தங்குதல், காற்றிலுள்ள கந்தகம், ஈரம் ஆகியவை முதன்மைக் காரணங்கள் எனக் கண்டது. நன்கு கழுவுக, பொன் கலந்த நீரில் தோய்த்து நிறம் ஏற்றுக, படங்களை உலர்ந்த நிலையில் வைக்க, காற்றும் ஈரமும் புகாது காக்கும் மெழுகு முதலிய பூச்சுகளை ஆய்ந்து பார்க்க என்பன அதன் பரிந்துரைகள். உலர்ந்த நிலையில் வைக்க என்பது இலண்டனில் எளிதிற் கூறத்தக்க அறிவுரை. கணப்பு மூட்டிய அறைகளில் குளிர்காலக் காற்று தானே உலர்ந்துவிடும். கணப்பு மூட்டாத, சன்னல் அடைக்காத, கடலை நோக்கிய சென்னை வீட்டிற்கு அவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும் என்று அக்குழுவினர் எண்ணியிருக்க இயலாது. வாடைக்காலத் திங்களிற் காலைப்பொழுதில் இங்கே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80ஐ எட்டுவது இயல்பு.

சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட இலின்னேயசு திரிப்பு என்பார் இத்துயரை நேரில் அறிந்தவர். அவர் படைத்துறையினர், 1855இல் பர்மாவிற் படம் எடுத்தவர். 1857 திசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களிற் கோயில்களையும் அரண்மனைகளையும் படமாக்கி 1858இல் சென்னை வந்து சேர்ந்தார். மெழுகு ஊட்டிய தாளையும் கண்ணாடியையும் எதிர்படத்திற்குக் கையாண்டார். பர்மாப் படங்களுக்குப் பொன்னீரில் நிறம் ஏற்றினார். அச்சிட்ட படங்களை அட்டைகளில் ஒட்டித் தொகுதிகளாக வெளியிட்டார். அவர் எடுத்தவற்றுள் தமிழாராய்ச்சியாளர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளை 21 பகுதிகளாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். தமிழ் எழுத்துகளைத் தாங்கிய முதல் ஒளிப்படங்களுள் அது தலைசிறந்தது. உல்ட்சு அக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் மடலில் 1891 முதல் அச்சிடத் தொடங்கியதற்கு முப்பது ஆண்டுகட்கு மேல் முற்பட்டது அது.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லசு திரெவெலியன், இப்பணி நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். திரிப்பின் படங்களோ இன்றும் பார்க்கத்தக்க நிலையில் உள்ளன. வாசிங்டன், நியூயார்க்கு, இலண்டன் ஆகிய நகரங்களில் 2014, 2015 ஆண்டுகளில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை பிழைத்ததற்குப் பொன்னீரும் நன்கு கழுவியதும் மட்டும் காரணம் ஆகா. தொகுதிகளாகவும் சுருளாகவும் பெட்டிக்குள் இருளில், குளிர்ந்த நாட்டில் கிடந்தமையும் காரணம். அவை சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுதற்கென ஆக்கப்பட்டன அல்ல. கடற்கரைச் சுவர்களில் அதே காலத்தில் மாட்டப்பட்ட படங்கள் எத்துணை பிழைத்தன என்று கேட்டால் விடை வருத்தம் தருவது.

படத்தை அட்டையில் ஏன் ஒட்ட வேண்டும் என்னும் ஐயம் எழலாம். அக்காலத்து அச்சுத்தாள் முட்டை வெண்கருவைப் பூசி ஆக்கப்பட்டது. தாள் மெல்லியது, வெண்கருப் படலமோ உலருந்தோறும் சுருங்குவது. ஒட்டாமல் விட்டால் படம் பட்டை போலச் சுருண்டுவிடும். ஆதலின் ஒட்டுதல் கட்டாயமாயிற்று. பின்னர், 1880ஆம் ஆண்டுகளை ஒட்டி, செலட்டின் என்னும் ஊன்பசை பூசிய தாள்கள் பரவின. அவற்றைத் தனியே வைத்திருத்தல் இயலும். எனினும் நிலையத்தின் பெயர் அழுத்திய தடித்த அட்டையில் ஒட்டித் தருதலே மதிப்பு என்னும் பழக்கம் நிலைத்துவிட்டது. தேவை போயும் பழக்கம் போகவில்லை.

ஒட்டும் பசை மாவுப்பசையே. நம் நாட்டுப் புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் கலப்பர். புத்தகத்திற்கு அது ஓரளவு பயன் தரும். ஆயின் துத்தத்தில் உள்ள செம்பு தாளின் நாரைச் சிதைக்கும் வினையை விரைவுபடுத்துவது என்பதை இக்கால வேதிநூலார் தெளிவாகக் காட்டியுள்ளனர். பூச்சிக்கு அஞ்சி இட்ட மருந்து தாளுக்கு நஞ்சாயிற்று. துத்தம் கலவாத பசையோ வெள்ளிமீன்பூச்சிக்கு விருந்து. நம் முன்னோர் இவ்விரண்டற்கும் இடையே இடர்ப்பட்டனர்.

இனிச் சட்டத்திற்கு வருவாம். சட்டமிட்டுக் கண்ணாடி பொருத்திப் படத்தைச் சுவரில் மாட்டும் முறை ஒளிப்படத்தோடு இந்நாட்டிற்கு வந்ததன்று. தஞ்சைப் பலகைப் படங்கள் அதற்கு முன்னரே வழங்கின. பலாமரப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, பொற்றகடும் கல்லும் பதித்து வண்ணம் தீட்டிய அப்படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் இட்டனர். பலகையோடு படம் ஒன்றிவிடுதலே அக்கலையின் இயல்பு. ஒளிப்படம் வந்தபோது சட்டமிடுவோர் தமக்குத் தெரிந்த முறையையே அதற்கும் கையாண்டனர் எனக் கருதுதல் பொருந்தும். முழுதும் ஒட்டு, பலகையை அண்டக் கொடு, கண்ணாடியை மேலே அழுத்து, பின்புறம் ஆணி அடி என்னும் அம்முறை இன்றும் வடசென்னைக் கண்ணாடிக் கடைகளிற் காணக்கூடியதே. ஒளிப்படங்களின் மீதே வண்ணம் தீட்டிப் பொன் ஒட்டிய கலப்புப் படங்களும் தென்னாட்டிற் கிடைத்துள்ளமை இவ்விரு மரபும் ஒரே கையிற் கலந்ததைக் காட்டுகின்றது.

பலகைப் படத்திற்கு ஒத்தது ஒளிப்படத்திற்கு ஏன் ஒவ்வாதாயிற்று? சுண்ணப் பூச்சு ஈரத்தை உண்டு உமிழும், இளகி ஒட்டுவதன்று. செலட்டினோ வேறு இயல்பினது. அது ஈரத்தை ஈர்த்து வீங்கும். ஈரப்பதம் நூற்றுக்கு 70ஐக் கடந்து நெடுநாள் நின்றால் இளகி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பின்னர் உலரும்போது பளபளத்த திட்டாக அங்கேயே இறுகிவிடும். 65ஐக் கடந்தாலே பூஞ்சணம் தோன்ற இடமுண்டு. செலட்டினும் மாவுப்பசையும் பூஞ்சணத்திற்கு நல்லுணவு. கடற்புறத்திற்கே உரிய இன்னொரு கேடும் உண்டு. சோற்றுப்பு 75 அளவு ஈரப்பதத்திற் காற்றிலிருந்து தானே நீரை ஈர்த்துக் கரைவது. ஆகவே சட்டத்தின் இடுக்குகளிற் படிந்த உப்புத் துகள் ஒவ்வொன்றும் மழைக்காலத்தில் ஒரு சிறு நீர்த்துளியாகின்றது. ஆணி முதலில் துருவேறும். அத்துரு அட்டைக்கும் அதிலிருந்து படத்திற்கும் பரவும்.

சாத்தாங்காட்டு வீட்டுப் படத்திற்கு நேர்ந்ததும் இதுவே. வெள்ளம் படத்தைத் தொடவில்லை, சுவரைத் தொட்டது. சுவர் உறிஞ்சிய நீர் மேலேறிற்று. பின்புறப் பலகை அதனை உண்டது. பலகையிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து படத்திற்கும் ஈரம் சென்றது. முன்னே கண்ணாடி வழிமறித்தது. போக்கிடம் இல்லாத ஈரம் படத்திற்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கிற்று. பத்திரமும் துணியும் வெயிலில் விரிக்கப்பட்டன; சட்டத்தை ஒருவரும் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. படம் பத்திரமாக மேலே இருக்கிறதென்றே அவர்கள் ஆறுதல் கொண்டிருந்தனர்.

ஈண்டுப் பின்புறப் பலகையைப் பற்றித் தனியே கூறுதல் தகும். நல்ல தேக்குச் சட்டம் இட்டவர்களும் பின்புறத்திற்குக் கள்ளிப்பெட்டிப் பலகையையே வைத்தனர். துறைமுக நகரில் அதற்குப் பஞ்சமில்லை. அப்பலகையின் பிசினும் அமிலமும் நாளடைவில் அட்டையைத் துளைத்துப் படத்தில் மஞ்சட் கறையாக விழும். இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு நேர்கோடும், மரக்கணு இருந்த இடத்தில் ஒரு வட்டமும் படத்தின் மேல் தோன்றுவதைக் கூர்ந்து நோக்குவார் காண்பர். ஒரு பெரியவர் மார்பில் அத்தகைய வட்டத்தைக் கண்டு அஃது ஏதோ பதக்கம் என்று வீட்டார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆய்வாளர்க்கு இது சிறிய செய்தி அன்று. படத்தைச் சான்றாகக் கொள்வோர் படத்தில் இருந்தது எது, சட்டம் இட்டது எது என்று பிரித்தறிய வேண்டும்.

சுவரில் மாட்டிய முறையில் மட்டும் நம் முன்னோர் பிழைபட்டிலர். பழைய வீடுகளிற் படங்கள் சுவரோடு ஒட்டி நில்லா. அடி விளிம்பு ஒரு மரத்துண்டின் மேலோ இரண்டு ஆணிகளின் மேலோ நிற்க, மேல் விளிம்பு கயிற்றால் முன்னோக்கிச் சாய்ந்து தொங்கும். அண்ணாந்து நோக்குவார்க்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கமாகலாம். எனினும் பின்னே காற்று உலவ அதனால் இடம் கிடைத்தது. குருவிகள் கூடு கட்டவும் இடம் கிடைத்தது. சட்டத்தின் பின்னிருந்து வைக்கோலும் எச்சமும் எடுத்த நினைவு அறுபதைக் கடந்த எவர்க்கும் இருக்கும். சிமிட்டிச் சுவர்களும் ஒற்றை ஆணியும் வந்தபின் படம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சாத்தாங்காட்டுப் படமும் அவ்வாறே ஒட்டித் தொங்கியது. பழைய வீட்டில் சாய்ந்து தொங்கியிருந்த அதே சட்டம், வீட்டை இடித்துக் கட்டிய பின் நேராக மாட்டப்பட்டதாக வீட்டார் கூறினர்.

ஏட்டைக் காத்த முறையை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஏடும் இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையேதான் வைக்கப்பட்டது. ஆயின் ஒட்டப்படவில்லை, ஆணி அடிக்கப்படவில்லை. கயிற்றால் தளர்த்தவும் இறுக்கவும் ஆமாறு கட்டப்பட்டது. படிக்குந்தோறும் அவிழ்க்கப்பட்டது. படியாதார் வீட்டிலும் கலைமகள் வழிபாட்டு நாளில் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பெட்டியிலிருந்து வெளிவந்தது. மஞ்சளும் எண்ணெயும் பூசப்பட்டது. நம் காலநிலையில் எழுத்தைத் தாங்கிய பொருளைக் காக்க வேண்டுமானால் அதனை அடைத்து மறந்துவிடலாகாது, காலந்தோறும் திறந்து நோக்க வேண்டும் என்னும் அறிவு அம்முறையிற் பொதிந்திருந்தது. திறவாத சுவடிகள் தூளாயின. ஒளிப்படம் வந்தபோது இவ்வறிவு அதற்குச் செல்லவில்லை. ஏட்டைக் காத்தவர் புலவரும் கணக்கரும். படத்தைச் சட்டமிட்டவர் தச்சரும் கண்ணாடி வணிகரும். இரு கூட்டத்தாரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ள வாய்ப்பு நேர்ந்திலது. இஃதே இவ்வரலாற்றின் நடுநாயகமான செய்தி என்பது என் துணிபு. ஈரக் காற்றுள்ள நாட்டிற்கு உரிய முறை நம்மிடம் இருந்தது. அது படத்தைச் சென்றடையவில்லை.

இக்காலத்து அருங்காட்சியகத்தார் கையாளும் முறை பெரும்பாலும் ஏட்டு முறையை நோக்கியே வந்துள்ளது. படத்தை ஒட்டுவதில்லை; நான்கு மூலைகளிலும் தாளால் மடித்த சிறு பைகளிற் செருகுவர், அன்றித் தூய கோதுமைப் பசையிட்ட மெல்லிய சப்பானியத் தாள் துண்டால் மேல் விளிம்பை மட்டும் பிணைப்பர். அவ்வாறாயின் வேண்டும்போது எடுக்கலாம். படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே நடுவிற் சாளரம் வெட்டிய அட்டையோ விளிம்பிற் சிறு கம்பையோ வைத்து இடைவெளி விடுவர். இவ்விடைவெளி ஒன்றே நம் கடற்புறத்திற் பாதிப் படங்களைக் காத்திருக்கும். அட்டை பருத்தியால் ஆய, அமிலமற்றதாக இருத்தல் வேண்டும். வெண்கருப் படங்களுக்கும் வண்ணப் படங்களுக்கும் சுண்ணம் ஊட்டாத அட்டையே தக்கது என்பர். ஈரப்பதம் 30 முதல் 50 வரை இருத்தல் நன்று என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. குளிரூட்டும் பொறி இரவும் பகலும் ஓடும் காப்பகத்திற்கு அஃது இயலும். பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் அலுவலகங்களில் படம் நாள்தோறும் சுருங்கி விரிதலால் பொறி இல்லாத வீட்டினும் கேடு மிகுதி எனலாம்.

பொறி இல்லாத வீடுகளுக்கு என்ன செய்வது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பின்புறம் காற்றுப் போக்குவரத்து இருக்குமாறு திறந்துவிடுக என்பார் ஒரு சாரார். அலுமினியத் தகடும் நெகிழித் தாளும் சேர்ந்த படலத்தால் பின்புறத்தை மூடி, கண்ணாடியின் விளிம்போடு நாடாவால் ஒட்டி முழுதும் அடைத்துவிடுக என்பார் மற்றொரு சாரார். அடைத்த சட்டத்துள் அட்டையே ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் நிலைப்படுத்தும் என்பது பின்னவர் வாதம். சாத்தாங்காடு போல உப்பும் கந்தகமும் ஒருங்கே வீசும் இடத்திற்குப் பின்னவர் கூற்றே பொருந்தும் என்று கருதுகின்றேன். ஆயின் ஈரத்தோடு அடைத்தால் ஈரத்தையே சிறைப்படுத்தியதாகும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சென்னையில் அடைக்கப்படும் சட்டம் அடைக்கும் நாளிலேயே கெட்டது. அட்டையைச் சிலிக்காக் குருணையோடு மூடிய தகரப் பெட்டியிற் சில நாள் வைத்து உலர்த்திய பின், வைகாசி ஆனியில், கடற்காற்று எழுமுன் மேல்காற்று வீசும் முற்பகலில் அடைப்பதே தக்கது. அப்பொழுதும் மணலிப் பக்கத்துச் சன்னலை மூடிக்கொள்ள வேண்டும்! படத்தை மட்டும் மிகவும் உலர்த்தலாகாது, செலட்டின் முறியும். அடைத்த பின்னும் ஈரப்பதம் காட்டும் நிறத்தாள் ஒன்றை உள்ளே கண்ணுக்குத் தெரியுமாறு வைத்து, ஆண்டுதோறும் நோக்குதல் வேண்டும். அதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டுமாயின் ஏடுகளுக்குக் குறித்த நாளே ஆகுக. மாட்டும்போது பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவரினின்று விலகி நிற்கச் செய்க, புறச்சுவரைத் தவிர்க்க.

இக்கருத்துகளைத் தனிப்பட்டோர் வீட்டளவில் மட்டும் நிறுத்தலாகாது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களின் பழம்படங்களையும் குடும்பப் படங்களையும் எண்ணிம முறையிற் பதிவு செய்துள்ளனர். பதிவு செய்தல் நன்று. ஆயினும் பதிவில் படத்தின் முகம் வரும். சட்டத்தின் முதுகு பெரும்பாலும் வருவதில்லை. முதுகிலும் வரலாறு உண்டு. பின்புறப் பலகைக்கும் அட்டைக்கும் இடையே தூசி புகாதிருக்க நாளிதழ்த் தாளை ஒட்டுவது சட்டமிடுவோர் வழக்கம். அமிலம் மிக்க அத்தாள் படத்திற்குத் தீங்கு செய்தது உண்மையே. அதுவே சட்டமிட்ட காலத்தைக் காட்டும் சான்றும் ஆகின்றது. ஆகவே பழஞ்சட்டத்தைப் பிரிப்போர் அத்தாளை எறியாது தனியே காத்தல் வேண்டும்.

வடசென்னையை எழுதப் புகுவார்க்கு உருவச் சான்றின் அருமை புதிதன்று. ஒற்றியூர் இறைவனிடத்துப் பெரும் பற்றுடையவராய் விளங்கிய இராமலிங்க அடிகளை ஒளிப்படம் எடுக்க முயன்றும் திருவுருவம் விழவில்லை என்பது அன்பர் வழி வழங்கும் செய்தி. அடிகளின் உருவமாக நாம் வழிபடுவன ஓவியர் கருத்தில் எழுந்தவை. விழுந்த உருவங்களையேனும் நாம் காத்தோமா என்பதே கேள்வி.

சாத்தாங்காட்டுச் சட்டத்தை வீட்டார் இசைவோடு பிரித்தோம். கண்ணாடியில் ஒட்டிய பகுதியைப் பிரிக்க முயலவில்லை. பிரித்தால் செலட்டின் கண்ணாடியோடு போய்விடும். நீரில் நனைத்துப் பிரிப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய செயல். கண்ணாடியோடு சேர்த்தே படத்தை நேர்நிறுத்தி ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம். பின்புறத்தில் ஒட்டியிருந்த நாளிதழ்த் துண்டில் பெயரும் நாளும் இல்லை. ஆயினும் ஒரு செய்தியிற் சென்னை இராச்சியம் என்னும் தொடர் காணப்பட்டது. ஒரு விளம்பரத்தில் விலை அணாக்கணக்கில் இருந்தது. முன்னது 1950 சனவரிக்குப் பிற்பட்டமையையும், பின்னது 1957 ஏப்பிரலில் புதுக்காசு வந்த காலத்திற்குப் பெரிதும் பிற்படாமையையும் காட்டுவன. வீட்டார் கூற்றின்படி பாட்டன் இறந்தது அதற்கு நெடுங்காலம் முன்பு. எனவே இச்சட்டம் படத்தின் முதற் சட்டம் அன்று. படம் ஒருமுறை இடம் மாறியுள்ளது. புதிய சட்டத்திற்குப் பொருந்துமாறு ஒட்டட்டையின் விளிம்பை அறுத்துள்ளனர். நிலையத்தின் பெயர் அவ்விளிம்பில்தான் அழுத்தப்பட்டிருந்தது. அதன் இறுதி எழுத்துகள் மட்டும் அறுப்பினின்று தப்பியுள்ளன. புரம் என்று படிக்கக்கூடிய அவ்வெழுத்துகள் இராயபுரத்தைக் குறிப்பனவோ, காஞ்சிபுரத்தையோ, விழுப்புரத்தையோ என்று துணிய இயலவில்லை. பாட்டியின் பிறந்தகம் காஞ்சிபுரத்தை அடுத்தது என்று வீட்டு முதியவர் பின்னர்ச் சொன்னார்.